ஜுபைதா அம்மையாரின் குளங்கள்

ஈராக்கின் கூஃபாவிலிருந்து மக்கா வரை போகும் பழைய ஹஜ் பாதைக்கு ‘தர்பு ஜுபைதா’ என்று பெயர். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் மனைவி ஜுபைதா, ஹாஜிகள் தாகத்தில் தவிக்கக் கூடாதென்று வழியில் கிணறும் குளமும் அமைத்தார். 831-ல் அவர் மறைந்தார், பெயர் பாதைக்கு நிலைத்துவிட்டது.

அந்தக் குளங்களின் நேர்த்தி என்னை அசரவைக்கிறது. மழை வெள்ளம் முதலில் பக்கத்துச் சின்னத் தொட்டிக்குள் போகும். வண்டல் அங்கேயே படிந்துவிடும், தெளிந்த நீர்தான் பெரிய குளத்துக்கு வரும். நீர் இறங்கினாலும் மொண்டுகொள்ள உள்ளே கற்படிகள்.

நபித்தோழர் அபூதர் கிஃபாரி (ரலி) மறைந்த ரபதா என்ற ஊரும் இந்த வழியில்தான். அங்கே மணலுக்குள் கிடந்த பள்ளிவாசலை அகழாய்வில் வெளிக்கொண்டு வந்தார்கள்.

பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பது சந்தோஷம். எனக்கு அது போதாது. மணல் மூடிய குளங்களைத் தூர்வார வேண்டும். அப்புறம், சரிந்த சுவர்களில் சிமென்ட் பூசாமல் பழைய முறையிலேயே எடுத்துக் கட்ட வேண்டும்.