ஈரக்காற்றுக்கு ஏற்ற பெட்டி

பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளுக்கும் விமானம் ஏற வேண்டிய நாளுக்கும் இடையில் எனக்கு ஏழு வாரங்கள் இருந்தன. போக வேண்டிய இடம் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு துறைமுக நகரம். தங்க வேண்டிய காலம் ஓர் ஆண்டு. பகலில் 32 டிகிரி செல்சியஸ், இரவில் 25 டிகிரி என்று ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் வெப்பம் நிற்கும் ஊர் அது என்று படித்ததும், மெல்லிய உடைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டால் போதும் என்று எண்ணினேன். அங்கே இரண்டு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வந்த ஒரு மூத்த பொறியாளரிடம் தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வியே என் எண்ணத்தை மாற்றியது: "வெப்பநிலையைப் பார்த்திருக்கிறீர்கள், சரி. ஈரப்பதத்தைப் பார்த்தீர்களா?"

பார்த்தேன். விடியற்காலையில் 90 விழுக்காட்டை நெருங்கும் ஈரப்பதம், நண்பகலில்கூட 60-க்குக் கீழே இறங்குவது அரிது. வறண்ட காற்றில் 32 டிகிரி என்பது பெரிய தொல்லை அல்ல. வியர்வை உடனே ஆவியாகி உடலைக் குளிரவைத்துவிடும். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாக இடமில்லாமல் தோலிலேயே நிற்கும். அதே காரணத்தால் துவைத்த துணி காயாது, தோல் பொருள்கள் பூஞ்சணம் பிடிக்கும், காகிதம் நெளியும், மாத்திரை பிசுபிசுக்கும். ஆகவே, பெட்டிக்குள் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இது பன்னிரண்டு மாதம் ஈரத்தில் கிடந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். பாலைவன நாட்டுக்குச் செல்பவருக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. அவர் தூசியையும் இரவுக் குளிரையும் எண்ணிப் பெட்டி கட்ட வேண்டும். வெப்ப நாடு என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டையும் அடக்கி எழுதப்படும் பட்டியல்களை நான் நம்புவதில்லை.

இந்தக் கேள்வியை நான் கேட்க மறந்த ஒரே பொருள் காலணி. ஈராண்டுக்கு முன் வாங்கி, நான்கைந்து முறை மட்டுமே அணிந்து, பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த உறுதியான நடைக்காலணி அது. புதிது போலவே இருந்ததால் தயங்காமல் எடுத்து வைத்தேன். மூன்றாம் மாதம் ஒருநாள் காலை, பணியிடத்தின் இரும்புப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது வலது காலின் கீழே ஏதோ நழுவுவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால், அடிப்பாகம் மேல்தோலிலிருந்து பிளந்து தொங்கியது. விரலால் தொட்டதும் ஊறிய ரொட்டித் துண்டுபோல் மஞ்சள் நிறத் துகள்களாக உதிர்ந்தது. அன்று மாலைக்குள் இடது காலும் அதே நிலைக்கு வந்துவிட்டது. பல காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள நீராவி அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல அறுத்துக்கொண்டே வரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது விரைவுபடும். அணியாமல் வைத்திருப்பது அதைக் காப்பாற்றாது. நாள் கடந்தாலே சிதைவு நடக்கும் என்பதால், பழைய 'புதுக்காலணி' மிகவும் ஆபத்தானது. இப்போது நான் எவருக்கும் சொல்வது இதைத்தான்: அண்மையில் செய்யப்பட்ட, ரப்பர் அடியோ ஈ.வி.ஏ. நுரையோ கொண்ட இரண்டு இணைகளை எடுத்துச் சென்று, ஒன்றை அணியும் நாளில் மற்றொன்றை முழுதாக உலரவிடுங்கள்.

உடையைப் பொறுத்தவரை, ஓராண்டுக்கு என்று கணக்கிட்டால் எவ்வளவு எடுத்தாலும் போதாதுபோல் தோன்றும். இரண்டு சலவைகளுக்கு இடைப்பட்ட நாள்களுக்கு என்று கணக்கிட்டால் பெட்டி தானே சிறுத்துவிடும். நான் எட்டு நாள் கணக்கை எடுத்துக்கொண்டேன். உள்ளாடைகளை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் பதினாறு வைத்தேன், அதற்காக ஒருநாளும் வருந்தவில்லை. அங்கே ஒரு நாளில் இரண்டு முறை மாற்றாவிட்டால் தொடையிடுக்கில் படை வந்துவிடும். துணி வகையைத் தேர்ந்தெடுப்பதற்கு, புறப்படுவதற்கு முன்பே குளியலறையில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். கையில் இருந்த சட்டைகளில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை நனைத்துப் பிழிந்து, சன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே தொங்கவிட்டேன். மெல்லிய நெசவுப் பருத்தியும் லினனும் இரவுக்குள் காய்ந்தன. தடித்த பருத்தி டீ-சட்டையின் கழுத்துப்பட்டையும் அக்குள் தையலும் மறுநாள் மதியம்கூட ஈரமாக இருந்தன. ஜீன்ஸின் இடுப்புப்பட்டை அதற்கடுத்த நாளும் காயவில்லை. பாலியஸ்டர் எல்லாவற்றுக்கும் முன்னால் காய்ந்தது, ஆனால் வியர்வை நாற்றத்தைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. ஜீன்ஸ் அன்றோடு பட்டியலிலிருந்து நீங்கியது. தடித்த துவாலைக்கும் அதே கதிதான். இரண்டு மெல்லிய துண்டுகள் அதன் வேலையைச் செய்தன.

வெயிலில் குட்டைக்கை நல்லது என்பது பொதுவான நம்பிக்கை. வெளிப்புற வேலை உள்ளவர்களுக்குத் தளர்வான முழுக்கைச் சட்டைதான் ஏற்றது என்பது என் அனுபவம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு: மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி, அதுவும் வியர்வையில் நனைந்த நிலையில், புற ஊதாக் கதிர்களைக் கணிசமாக உள்ளே விட்டுவிடும். நெருக்கமான நெசவும் சற்று அடர்ந்த நிறமும் அதைவிட நன்றாகத் தடுக்கும். இவற்றோடு ஒரு கம்பளி மேலாடையும் எடுத்துச் சென்றேன். வெளியே கொதிக்கும் ஊர்களில் அலுவலகங்களைப் பெரும்பாலும் மிகவும் குளிர்வித்துவைப்பார்கள்; நனைந்த சட்டையோடு அதற்குள் எட்டு மணி நேரம் உட்காருவது உடம்புக்கு ஆகாது.

மருந்துகளில் செலவிட்ட நேரமே மிக அதிகம், அதை நான் வீண் என்று கருதவில்லை. ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சில தடுப்பூசிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தவணைகள் உண்டு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழோ போட்டுக்கொண்ட 10 நாள்களுக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். முன்பு பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியான அந்தச் சான்றிதழ் 2016 ஜூலை முதல் ஆயுள் முழுவதற்கும் செல்லும். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேட்பதும் அவசியம். சிறுநீரைப் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் உடல் நீரை மேலும் குறைக்கும். பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளில் சில வியர்வையையே குறைத்துவிடும். மலேரியாத் தடுப்புக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின் வெயிலில் தோலை எளிதில் சிவக்கச்செய்யும்.

மாத்திரைகளைப் புட்டியில் கொட்டி எடுத்துச் செல்லாமல், அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். புட்டியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரம் உள்ளே நுழைகிறது. ஜெலட்டின் உறையுள்ள கேப்சூல் மாத்திரைகள் ஒரே மாதத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை என் அறைத்தோழரின் மேசையில் பார்த்தேன். மருந்துச் சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் வேறு நாட்டு மருந்தகத்தில் பயன்படாது. மூலப்பெயரும் இருக்க வேண்டும். அதிலும் பாராசிட்டமாலையே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். கோடீன், டிரமடால் ஆகிய வலி மருந்துகள், தூக்க மாத்திரைகள் போன்றவை பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. போகும் நாட்டின் தூதரகப் பக்கத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஓராண்டுக்குத் தேவையான மருந்து முழுவதையும் கொண்டுசெல்லப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை என்பதால், முதல் சில மாதங்களுக்கானதை எடுத்துக்கொண்டு, மீதியை அங்கே பெறும் வழியை முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. இன்சுலின் பயன்படுத்துபவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறையில் உறைந்துவிட்டால் பயன்படாது.

கொசு விரட்டியும் சன்ஸ்கிரீனும் பகலில் சேர்ந்தே தேவைப்படும், ஏனென்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். கொசுவலை அதற்குப் போதாது. முதலில் சன்ஸ்கிரீனைத் தடவி, அது தோலில் படிந்த பிறகே விரட்டியைத் தடவ வேண்டும். டீட் என்ற வேதிப்பொருள் 20 முதல் 30 விழுக்காடு உள்ள விரட்டி பல மணி நேரம் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கையில் தடவிய ஈரம் காய்வதற்குள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டதால், அதன் கண்ணாடிபோன்ற முகப்பில் என் கட்டைவிரல் ரேகை அழியாமல் பதிந்துவிட்டது.

மின்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்னேற்றியின் முதுகில் 100–240 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்தால் உலகில் ஏறக்குறைய எங்கும் வேலை செய்யும். செருகியின் வடிவம் மட்டும்தான் மாறும். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணி, அதாவது சுமார் 27,000 மில்லிஆம்பியர்-மணி வரை விமானங்களில் பொதுவாக ஏற்பார்கள். கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்காவிட்டால், சில மாதங்களிலேயே கண்ணாடிக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சணம் படரும்.

கல்விச் சான்றிதழ்கள் ஏழு வாரங்களில் பெரும்பகுதியை விழுங்கின. வேற்று நாட்டில் அவை செல்லுபடியாக வேண்டுமானால், 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரையும், மற்ற நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். என் பட்டச் சான்றிதழை எப்போதோ லேமினேஷன் செய்து வைத்திருந்தேன். முத்திரையிடும் இடத்தில் அதை வாங்க மறுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் மறுபடி பெறுவதற்குள் பதினெட்டு நாள்கள் போயின. பெற்ற புதிய சான்றிதழை வழக்கமான மலிவான பிளாஸ்டிக் உறையிலும் போடவில்லை. வெப்பத்தில் அந்த உறைகள் அச்சு மையைத் தங்கள் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் என்று பொறியாளர் எச்சரித்திருந்தார். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் சாதாரண வெள்ளைத் தாளை வைத்து, ரப்பர் வளையம் இல்லாமல், மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தட்டையான டப்பாவில் அடுக்கி, நீல நிறச் சிலிக்கா ஜெல் மணிகள் கொண்ட சிறு துணிப்பை ஒன்றையும் உள்ளே வைத்தேன். ரப்பர் வளையம் வெப்பத்தில் இளகித் தாளில் கறையாகப் படிந்துவிடும்.

எடை வரம்பு 23 கிலோ. பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறிய பெட்டிகள் இரண்டு தூக்குவதற்கும் பகிர்ந்து வைப்பதற்கும் எளிது என்று தேர்ந்தெடுத்தேன். காலணி, உடை, மருந்து எல்லாவற்றையும் இரண்டிலும் பாதிப்பாதியாகப் பிரித்தேன். ஒரு பெட்டி மூன்று நாள் தாமதமாக வந்து சேர்ந்தபோது அந்தப் பிரிப்பின் பயன் தெரிந்தது. கைப்பையில் நான்கு நாளைக்கான உடை, மருந்து, சான்றிதழ் டப்பா, மாற்றுக் கண்ணாடி, எட்டுப் பொட்டலம் ஓ.ஆர்.எஸ். ஆகியவை இருந்ததால், மறுநாள் காலையே பணியில் சேர முடிந்தது. புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஒரு லிட்டர் நீரில் ஒரு பொட்டலம் என்ற அளவில் கலந்த அந்தக் கரைசல்தான், தலை கனத்து, கால் பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில் என்னை நிற்கவைத்தது. அங்கேயே எளிதில் கிடைத்த சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றுக்காக நான்கு கிலோ எடையை வீணாக்கியதை நினைத்தால் இன்றும் மனம் ஒப்பவில்லை. அந்த இடத்தில் இன்னோர் இணைக் காலணி இருந்திருக்கலாம்.

பதினோராம் மாத இறுதியில், திரும்புவதற்காக அலமாரியின் மேலிருந்து பெட்டிகளை இறக்கினேன். தோல் வார் வைத்த பெட்டியின் கைப்பிடி முழுவதும் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. உள்ளே விட்டுவைத்த ஒரு இடைவார் விறைத்துப் பச்சையாகியிருந்தது. சான்றிதழ் டப்பாவை எடுத்து மூடியை நெம்பித் திறந்தேன். நீலமாக இருந்த சிலிக்கா மணிகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. அவை குடிக்க முடிந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டன. அவற்றின் கீழே பட்டச் சான்றிதழ் நெளியாமல், ஓரம் சுருளாமல், வைத்த நாளில் இருந்ததுபோலவே மொடமொடப்பாக இருந்தது.