எண்பது ஆண்டுக்கு எட்டு மாதம் மீதி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் அந்த இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை 2018 அக்டோபரில் பார்த்தோம். சமையலறை ஜன்னல் கிழக்கு பார்த்திருந்தது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. விலை 2,80,000 பவுண்டு. விளம்பரத்தின் கடைசி வரியில் 'லீஸ்ஹோல்ட்' என்று இருந்ததை நானும் கணவரும் பொருட்படுத்தவே இல்லை. "லீஸில் எத்தனை ஆண்டு பாக்கி?" என்று எங்கள் வக்கீலான சொலிசிட்டர் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டோம்.

இங்கிலாந்தில் சட்டப்படி நிலமெல்லாம் அடிப்படையில் மன்னருடையது. நாம் வாங்குவது நிலத்தின் மீதான ஓர் உரிமை. அதில் இரண்டே வகைதான் என்று 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் வரையறுத்தது: காலக்கெடு இல்லாத ஃப்ரீஹோல்ட், காலக்கெடு உள்ள லீஸ்ஹோல்ட். அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

எங்கள் லீஸ் 2000 ஜூன் 24 தொடங்கி 99 ஆண்டு. விரல் விட்டு எண்ணினேன்: இன்னும் 80 ஆண்டு, 8 மாதம். நம் காலத்துக்குத் தாராளமாகப் போதுமே என்றார் கணவர். சொலிசிட்டர் தலையசைத்து மறுத்தார். பாக்கி 80 ஆண்டோ அதற்குக் கீழோ ஆகிவிட்டால், லீஸை நீட்டிப்பதால் வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியை நிலச் சொந்தக்காரருக்கு, அதாவது ஃப்ரீஹோல்ட் வைத்திருப்பவருக்கு, தர வேண்டும். இதற்குப் பெயர் 'மேரேஜ் வேல்யூ'. வாங்கியவுடன் நீட்டிக்கலாம் என்றால், இரண்டு ஆண்டு வைத்திருந்தவருக்குத்தான் அந்த உரிமை என்பது அன்றைய விதி. காத்திருந்தால் 78 ஆண்டாகிவிடும்.

வழியையும் அவரே சொன்னார். விற்பவருக்கு அந்த உரிமை ஏற்கெனவே இருக்கிறது. 1993ஆம் ஆண்டு லீஸ்ஹோல்ட் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி அவர் லீஸை நீட்டிக்கக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அதை எங்கள் பெயருக்கு மாற்றித் தரலாம். நோட்டீஸ் கொடுத்த தேதிதான் கணக்கு. விற்பவர் தயங்கினார். செலவு முழுவதும் எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தும் மூன்று வாரம் பதில் இல்லை. அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் இல்லை. இங்கே விலை பேசி முடித்தாலும், ஒப்பந்தங்கள் கைமாறும் வரை யாரும் கட்டுப்பட்டவர் அல்லர். வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். கடைசியில் ஒத்துக்கொண்டார். 2019 ஜனவரியில் பத்து சதவீத முன்பணத்துடன் ஒப்பந்தம் கைமாறியது. மறுநாளே நோட்டீஸ் போனது.

நிலச் சொந்தக்காரர் கேட்டது 12,500 பவுண்டு. எங்கள் மதிப்பீட்டாளர் 7,500 என்றார். 8,200இல் முடிந்தது. எதிர்த்தரப்பின் வக்கீல் செலவும் மதிப்பீட்டுச் செலவும் சட்டப்படி எங்கள் தலையில்தான் விழுந்தன. அது நியாயம் என்று என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் லீஸில் 90 ஆண்டு கூடியது. ஆண்டுக்கு 150 பவுண்டாக இருந்த நில வாடகை, 'கேட்டால் ஒரு மிளகு' என்று மாறியது. பெயருக்கு ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டும் என்பதற்காக இந்நாட்டு வக்கீல்கள் நெடுங்காலமாக எழுதிவரும் சொல் அது.

இரண்டு ஆண்டு விதி 2025 ஜனவரி 31 முதல் இல்லை. மேரேஜ் வேல்யூவையும் நீக்க 2024ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்திருக்கிறது; வாங்குகிறவர்கள் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதைச் சொலிசிட்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

"பத்திரம் கைக்கு வந்ததாம்மா?" என்று தஞ்சாவூரிலிருந்து அப்பா வாரம் தவறாமல் கேட்டார். இங்கே பத்திரக்கட்டு இல்லை, நிலப் பதிவகத்தின் பதிவேடுதான் உரிமை, அதற்கு அரசே உத்தரவாதம் என்று சொன்னால் அவருக்கு மனம் ஆறவில்லை. பதிவேட்டு நகலை அனுப்பினேன். 'ஏ' பகுதியில் வீடும் லீஸும், 'பி' பகுதியில் எங்கள் இருவர் பெயர், 'சி' பகுதியில் வங்கியின் அடமானம். வில்லங்கச் சான்றிதழுக்காகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் எத்தனையோ நாள் நின்றவர் அவர். 'சி' பகுதியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "வில்லங்கத்தையும் அதிலேயே எழுதிவிடுகிறார்களா? அப்படியானால் சரி" என்றார்.