நாலு நாள் வித்தியாசம்

என் மகள் பிறந்தது ஆகஸ்ட் 4. அந்தத் தேதிக்குள் இப்படி ஒரு வில்லங்கம் இருப்பது, எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்கப் போன அன்றுதான் தெரிந்தது. ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டுமாம். நாலு நாள் இடிக்கிறது. “ப்ரீகேஜில போட்டுடுங்க மேடம், அடுத்த வருஷம் எல்.கே.ஜி. சீட் கன்ஃபார்ம்” என்றார் அலுவலகத்தில் இருந்தவர். 42,000 ரூபாய். வேன், சீருடை தனி.

இன்னும் இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றில் ஏசி வகுப்பறையைச் சுற்றிக் காட்டினார்கள். கழிவறையைப் பார்க்கலாமா என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். மற்றொன்றில் மகளிடம் ஒரு அட்டையை நீட்டி “வாட் கலர்?” என்றார்கள். “பச்சை” என்றாள் சந்தோஷமாக. “இங்கிலீஷ்ல சொல்லும்மா.” அவ்வளவுதான், என் முந்தானைக்குள் போனவள் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் இலவசமாகக் கிடைக்கும் 25 சதவீத இடத்துக்கு முயலச் சொன்னாள் தோழி. நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், எங்களுடையது தாண்டிவிடும். போதாததற்கு அங்கேயும் அதே ஜூலை 31.

அடுத்த தெருவில் பால்வாடி இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் காய் வாங்கப் போவேன். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பேச்சை எடுத்ததும் மாமியார், “நம்ம வீட்டுப் பிள்ளையையா?” என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பதினொரு மணிக்குப் போய் நின்றேன். ஒரே அறை, பதினாறு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு ஆயா. சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. டீச்சர் குரங்கு மாதிரி குதித்துக் கதை சொல்ல, பிள்ளைகளும் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பையன் டவுசரை நனைத்துவிட்டான். ஆயா ஒரு வார்த்தை திட்டவில்லை. “வாடா ராசா” என்று தூக்கிப்போய்க் கழுவி, அலமாரியிலிருந்து வேறு டவுசர் எடுத்துப் போட்டு, கதைக்குள் திரும்ப உட்கார வைத்தார். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

ஜூனில் சேர்த்தோம். முதல் ஒன்பது நாள் அழுகை. பத்தாம் நாள் சத்துமாவு உருண்டையைப் பாதி கடித்து, மீதியை எனக்கென்று கைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். வீட்டில் முட்டை என்றாலே மூஞ்சியைத் திருப்புகிறவள், அங்கே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். எழுத்து ஒன்றும் பெரிதாக வரவில்லை. விஜயதசமிக்குக் கோயிலில் அரிசியில் எழுதிய ‘அ’தான். அது மாமியாருக்குக் கொஞ்சம் குறை.

அடுத்த வருடம் பள்ளி பார்க்கப் போனபோது நான் வேறு ஆளாக இருந்தேன். முதலில் கழிவறை. அடுத்து, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா. அப்புறம் கட்டணம்: 2009-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு குழு இருக்கிறது, அந்தக் குழு போட்ட கட்டண உத்தரவின் நகலைக் கேட்டேன். ஒரு பள்ளியில் முறைத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள சின்ன நர்சரி பள்ளியில், பேசாமல் மேசையில் எடுத்து வைத்தார்கள். கழிவறைக் கதவு பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அங்கேயே சேர்த்துவிட்டோம்.

முதல் நாள் வாசலில் பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் ஒரே அழுகை. இவள் வகுப்பறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “மத்தியானம் தூங்க இங்க பாய் விரிப்பாங்களாம்மா?”