ஏடிஎம் சுவிட்சில் ஒரே ஹோஸ்ட்டுக்குப் பல முகவரிகள்: பரீட்சைக்கு இப்படிப் படியுங்கள்

வலையமைப்புப் பாடத்தில் ஏடிஎம் (Asynchronous Transfer Mode: தரவைச் சிறு செல்களாக வெட்டி அனுப்பும் முறை, பண இயந்திரம் அல்ல) அலகு வந்தால், 53 பைட் செல், அதில் 5 தலைப்பு, 48 தரவு என்று பாடமாக்கிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். யாழ்ப்பாணத்தில் எங்களோடு படித்த பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் விளங்கிப் படித்தால் முழுப் புள்ளியும் கிடைக்கிற இடம் முகவரிப் பதிவு, அதாவது ஹோஸ்ட் (சுவிட்சோடு இணைந்த கணினி) தன் முகவரியைச் சுவிட்சில் பதிவது.

20 பைட் ஏடிஎம் முகவரியை ஒரே தொடராகப் பாடமாக்க வேண்டாம். எந்தத் துண்டை யார் கொடுக்கிறார் என்று பாருங்கள். முதல் 13 பைட் பிரிஃபிக்ஸ் (முன்னொட்டு), அது சுவிட்சுடையது. அடுத்த 6 பைட் ஈஎஸ்ஐ (End System Identifier), அது ஹோஸ்ட்டுடையது. பெரும்பாலும் வலையமைப்பு அட்டையின் மாக் முகவரியே. கடைசி 1 பைட் செலக்டர்.

இனி பதிவு. இதற்கு ஐஎல்எம்ஐ (ILMI) என்ற நெறிமுறை, விபிஐ 0, விசிஐ 16 (செல் எந்த வழியில் போகிறது என்று காட்டும் எண்கள்) வழியாக எஸ்என்எம்பி (SNMP, வலையமைப்புக் கருவிகளை நிர்வகிக்கும் நெறிமுறை) செய்திகளை அனுப்புகிறது. (அழைப்பை ஏற்படுத்தும் சிக்னலிங் விசிஐ 5இல் போகும், இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.) சுவிட்ச் தன் பிரிஃபிக்ஸை ஹோஸ்ட்டில் உள்ள அட்டவணையில் எழுதும். ஹோஸ்ட் அதோடு தன் ஈஎஸ்ஐயைச் சேர்த்து, முழு முகவரியைச் சுவிட்சின் அட்டவணையில் பதியச் சொல்லும். இரண்டு பக்கமும் கேட்கிறது, இரண்டு பக்கமும் பதில் சொல்கிறது. வழக்கமான எஸ்என்எம்பி போல ஒரு பக்கம் மட்டும் மேலாளர் என்று நினைத்தால் இந்த இடத்தில் குழம்பிவிடும்.

இது பிடிபட்டால் பல முகவரிக் கேள்வி தானாக வரும். சுவிட்ச் 2 பிரிஃபிக்ஸ் கொடுத்திருக்கிறது, ஹோஸ்ட்டிடம் 3 ஈஎஸ்ஐ இருக்கிறது என்றால், 6 சேர்க்கைகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு. ஆறையும் பதிந்தே ஆக வேண்டும் என்றில்லை, தேவையானதைப் பதிந்தால் போதும். இந்தக் கடைசி வரியை விடையில் கட்டாயம் எழுதுங்கள்.

செலக்டரை மாற்றினால் இன்னொரு பதிவு வேண்டுமா? வேண்டாம். அந்த பைட்டைச் சுவிட்ச் வழி தேடுவதற்குப் பார்ப்பதில்லை. ஹோஸ்ட்டுக்குள் எந்த மென்பொருளுக்கு அழைப்பு என்று பிரிக்கத்தான் அது.

ஒரு பெட்டிக்கு ஏன் இத்தனை முகவரி என்று கேட்டால் லான் எமுலேஷனை (ஏடிஎம் மேல் சாதாரண லான் போல இயங்க வைக்கும் முறை) காட்டுங்கள். அதன் கிளையண்ட், லெஸ் (LES, LAN Emulation Server), பஸ் (BUS, Broadcast and Unknown Server) எல்லாம் ஒரே இயந்திரத்தில் ஓடலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழைக்க முகவரி வேண்டும். இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்களுக்குத் தொட்டுப் பார்க்க ஏடிஎம் சுவிட்ச் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில், ஒருவர் சுவிட்ச், ஒருவர் ஹோஸ்ட் என்று எதிரெதிரே இருந்து, கொப்பித் தாளில் அட்டவணை கீறிச் செய்திகளை மாற்றிக்கொண்டோம். பார்ப்பவர்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒழுங்கு மறக்கவே மறக்காது. அப்புறம், பழைய புத்தகங்களில் இந்தப் பகுதி யூஎன்ஐ 3.1 (ஹோஸ்ட்டுக்கும் சுவிட்சுக்கும் இடையிலான இணைப்பின் விதிமுறை ஆவணம்) உள்ளே இருக்கும், 1996இல் ஐஎல்எம்ஐ 4.0 என்று தனி ஆவணமாக வந்தது. இரண்டையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், அடிப்படை ஒன்றுதான்.

இணைப்பு அறுந்து மீண்டால் என்ன நடக்கும் என்பதையும் அதே தாளில் செய்து பாருங்கள். பழைய பதிவுகள் அழிந்துவிடும்; பிரிஃபிக்ஸிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும். ஹோஸ்ட்டில் ஐஎல்எம்ஐ இல்லையென்றால் அதன் முகவரிகளை நிர்வாகி சுவிட்சில் கையால்தான் பதிய வேண்டும், ஒவ்வொன்றாக.