மறைந்த ஒய்.பி.க்கு நினைவேந்தல் நடத்திய கதை

உங்கள் வட்டாரத்தில் மறைந்த சட்டமன்ற உறுப்பினர் (மலேசியாவில் ஒய்.பி. என்போம்) ஒருவருக்கு நினைவேந்தல் நடத்தலாம் என்று பேச்சு எழுந்தால், பேச்சாளர் பட்டியலைக் கடைசியில் போடுங்கள். எங்கள் குழுவில் அதைத்தான் முதலில் போட்டார்கள். யார் டத்தோ, யார் அதைவிடப் பெரிய பட்டமான டத்தோஸ்ரீ, யாருக்குப் பிறகு யார் மைக் பிடிப்பது என்று வாட்ஸ்அப்பில் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஐயா எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை சட்டமன்றத்தில் இருந்தார் என்று கேட்டால் மட்டும் குழுவே அமைதியாகிவிடும்.

ஐயா பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள பிறை என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். குடும்பத்தார் விரும்பாததால் பெயரைப் போடவில்லை. லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில் பினாங்கு சட்டமன்றத்தில் இருந்தவர்.  பெருநிலத்தையும் பினாங்குத் தீவையும் இணைக்கும் பாலம் 1985இல் திறக்கும்வரை, சட்டமன்றம் கூடும் நாளில் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, தீவில் இறங்கி லைட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் சட்டமன்றக் கட்டடத்துக்கு நடந்தே போவாராம்.

சரி, ஆண்டு விஷயம். மகன் சொன்னது ஒன்று, பழைய கட்சிக்காரர் சொன்னது ஒன்று, ஒரு கோயில் மலரில் இருந்தது வேறொன்று. தொகுதிப் பெயரிலும் இதே கூத்து. பினாங்கு சட்டமன்றத்தில் 1969இல் 24 இடங்கள், 1974இல் 27, 1986இல் 33, 2004இலிருந்து 40. ஒவ்வொரு முறை எல்லை மாறும்போதும் சில பெயர்கள் காணாமல் போகும், சில பெயர்கள் வேறு இடத்தில் முளைக்கும். இன்றைய பெயரை அழைப்பிதழில் போட்டால், அவர் நிற்காத தொகுதியில் அவரை ஜெயிக்க வைத்துவிடுவீர்கள். எங்கள் அழைப்பிதழ் அப்படித்தான் அச்சகம்வரை போய்விட்டது. நல்லவேளை, அச்சகத்து அண்ணன் சீன மொழி அச்சு வேலை ஒன்றில் மாட்டிக்கொண்டு எங்களுடையதைத் தொடவே இல்லை. பொதுவாக அவருடைய தாமதத்தைத் திட்டுவேன், அன்று காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து, தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பிறகும் வெளியிட்ட அறிக்கை. தொகுதி, வேட்பாளர், வாக்கு எல்லாம் வரிசையாக இருக்கும். பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். ஆனால் தேடும்போது ஒரு பெயர் எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். நம் ஆட்களின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒவ்வொரு கிராணியும் (குமாஸ்தாவும்) தன் இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறார். ஐயாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, தேர்தல் அறிக்கையில் ஒரு மாதிரி, நாளிதழில் இன்னொரு மாதிரி. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்துத் தேடியபோதுதான் பாதி கிடைத்தது.

நாளிதழ் என்றதும் எல்லோரும் தமிழ் நேசனைச் சொல்வார்கள். 1924இல் தொடங்கிய பத்திரிகை 2019இல் நின்றுவிட்டது, ஆகவே அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கட்டைப் புரட்டலாம் என்ற பேச்சே இல்லை. எனக்குக் கை கொடுத்தது சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்க் களஞ்சியம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. பினாங்குக்காரரைத் தேட சிங்கப்பூருக்குப் போக வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

இப்போது கவுன்டர் கதை. ஐயா சட்டமன்றத்தில் பேசியதை ஹன்சார்ட் என்ற சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பிலிருந்து பிரதி எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. கவுன்டரில் இருந்தது நம் பிள்ளைதான், தமிழிலேயே பேசினாள்.

“அங்கிள், கடிதத்துல சங்கத்தோட பேரு இல்லையே?”

“நாங்க சங்கம் இல்லம்மா, நினைவேந்தல் குழு.”

“பதிவு நம்பர் இல்லாம எடுத்துக்க மாட்டாங்க அங்கிள்.”

அவள் மேல் தப்பில்லை. ஆனால் இதே விஷயத்தை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டிருந்தேன், “கடிதம் மட்டும் போதும்” என்று சொன்னவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு பதிவு எண்ணோடு மலாயில் கடிதம் எழுதிக்கொண்டு போனால் சாப் (முத்திரை) இல்லை என்று திருப்பினார்கள். சாப் அடித்து எடுத்துக்கொண்டு போனது வெள்ளிக்கிழமை. அரசாங்க அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள். தொழுகை இடைவேளைக்கு 12:15க்கு மூடினால் 2:45க்குத்தான் திறப்பார்கள். எதிர்க்கடையில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்து, மறுபடி உள்ளே போனால், கோப்பு வேறு கட்டடத்தில் இருக்கிறதாம்.

பதிவு எண் எங்கிருந்து வந்தது? புதிதாகச் சங்கம் பதியும் எண்ணத்தை நான் தொடக்கத்திலேயே வெட்டினேன். 1966 சங்கச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர், சட்டவிதி, கூட்டக் குறிப்பு என்று கிளம்பினால் ஐயாவின் திவசம் வந்துவிடும். ஏற்கெனவே பதிவுள்ள ஒரு தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தைக் கேட்டோம், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இதில் இன்னொரு லாபம்: மண்டப முன்பணம், நன்கொடை எல்லாம் சங்கத்தின் வங்கிக் கணக்கு வழியாகப் போனது. தனி ஆள் கணக்கில் நன்கொடை வாங்கவே வாங்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் பேச்சு இருக்கிறதே, அது செலவைவிடப் பெரியது.

மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாம் தானாக நடந்தது.

சாலைக்கு ஐயா பெயர் வைக்கக் கேட்கலாம் என்று ஒருவர் கிளப்பினார். ஜெலுத்தோங் கடலோரச் சாலைக்கு மறைந்த அரசியல்வாதி கர்பால் சிங் பெயர் வைத்திருக்கிறார்களே என்றார். அது எங்கள் சக்திக்கு மீறியது. அதைவிட எளிது, சட்டமன்றத்தில் இரங்கல் தெரிவிக்கச் சொல்லித் தொகுதியின் இன்றைய உறுப்பினரிடம் கடிதம் கொடுப்பது. ஆனால் சட்டமன்றம் மாதந்தோறும் கூடாது. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு மாதம்வரை போகலாம். கடிதம் கொடுப்பதற்குமுன் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

ஹன்சார்ட் கடைசியில் கிடைத்தது. உண்மையைச் சொன்னால் அதில் ஐயா பெரிய பேச்சாளர் இல்லை. குழாய்த் தண்ணீர், பள்ளிக் கூரை, சாலை விளக்கு என்று சின்னச் சின்னக் கேள்விகள், அதே கேள்வி அடுத்த ஆண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. குழுவில் சிலருக்கு ஏமாற்றம், “முழக்கமா ஒண்ணும் இல்லையே” என்றார்கள்.

அப்புறம்தான் ஐயாவின் மருமகள் ஓர் இரும்புப் பெட்டியைக் காட்டினார். பொன்னாடை, கேடயம் இருக்கும் என்று நினைத்துத் திறந்தோம். முழுக்க கார்பன் நகல்கள். ஐயா தட்டச்சு செய்து அனுப்பிய கடிதங்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், பலர் ரஜூலா கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். திரும்பாமல் சிவப்பு அடையாள அட்டையோடு (குடிமக்களுக்கு நீல ஐசி, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு) இங்கேயே தங்கியவர்கள்தான் பெட்டி முழுக்க. எந்தத் தோட்டம், எத்தனை வருட வேலை, பிறப்புப் பத்திரம் ஏன் இல்லை, சாட்சி யார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பதில் வராதவர்களுக்கு மூன்றாவது, நான்காவது நினைவூட்டல். ஓரத்தில் பேனாவால் ‘கிடைத்தது’ என்று எழுதிய நகல்களும் இருந்தன, எழுதாதவையும் நிறைய இருந்தன.

இதை மேடையில் படிப்பது என்று முடிவு செய்தோம். பேச்சாளர் பட்டியல் சண்டை அதோடு முடியவில்லை. ஒரு பிரமுகரின் சிறப்பு அதிகாரி கூப்பிட்டு, டத்தோ வரும்போது மேடையில் “லெட்டர் படிச்சிக்கிட்டு இருக்கக் கூடாது” என்றார். நான் சரி என்றேன். டத்தோ எப்போதும் தாமதமாகத்தான் வருவார், அது பினாங்குக்கே தெரியும். அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கே தொடங்கி, இளைஞர்களை வைத்துக் கடிதங்களைப் படித்து முடித்தோம். அவர் வந்து சேர்ந்தபோது சபை நிரம்பி, ஈரக் கண்ணோடு இருந்தது. அவருக்கு வரவிருக்கும் தேர்தலைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. சுருக்கமாக முடித்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்னும் திருப்தி தீரவில்லை.

நிகழ்ச்சி முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஓர் அம்மா வந்து, “தம்பி, எங்க அப்பா லெட்டரு ஒரு காப்பி கிடைக்குமா? என் அண்ணன் மகனுக்கு இன்னும் நீல ஐசி வரல” என்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் கேட்டார்கள். அந்தப் பெட்டி இப்போதும் வேலைக்கு ஆகும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட கடிதங்களில் அடையாள அட்டை எண், முகவரி, தாய் தந்தை பெயர் எல்லாம் இருக்கும். கண்காட்சிக்கு வைப்பதானால் நகலில் மறைத்துவிட்டு, அந்த நகலை மறுபடி நகல் எடுத்து வையுங்கள். கறுப்பு மார்க்கரை மட்டும் நம்பாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்தால் எண் தெரிகிறது. மூலத்தில் எதையும் அழிக்காதீர்கள். குடும்பத்தினர் கேட்டு வந்தால் அவர்களுடைய கடிதத்தை மட்டும் கொடுங்கள், ஐசியைப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.