எங்கள் மலையூர் மருத்துவமனைக்காக வாக்குக் கேட்ட ஐந்து மாதங்கள்

என் மகளுக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து எங்கள் ஊர் மருத்துவமனைக்குப் பன்னிரண்டு நிமிடம். அதை விட்டால் மலைச்சாலையில் 60 மைல் போக வேண்டும். அன்று அந்தச் சாலையையும் மூடியிருந்தார்கள். விடியும்போது அவள் மூச்சு சீரானது. செவிலியர் கொடுத்த பழச்சாற்றை அவள் குடித்துக்கொண்டிருந்தபோதுதான், நடைபாதையில் கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி வைத்திருப்பதைக் கவனித்தேன்.

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைப்பகுதியில் வாழ்கிறோம். கணவருக்கு நீர்மின் நிலையத்தில் வேலை. எங்கள் மருத்துவமனை தனியாருடையது அன்று. மாநிலம் 1945இல் இயற்றிய சட்டப்படி ஊர்மக்களே அமைத்துக்கொண்ட 'மருத்துவ மாவட்டம்' என்ற பொது அமைப்புக்குச் சொந்தமானது. அதை நடத்தும் குழுவில் ஐந்து பேர். அவர்களை நாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம். குடியுரிமை பெற்று வாக்களிக்கத் தொடங்கிய பிறகும் அந்த ஐவர் யார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒரு ஜூன் மாதத்தில், புதிய கட்டடத்துக்காகப் பொதுக் கடன் பத்திரம் வெளியிட மக்களிடம் அனுமதி கேட்கப்போவதாகச் செய்தி வந்தது. கடனையும் வட்டியையும் சொத்து வரியோடு சேர்த்து முப்பது ஆண்டுகள் நாங்கள் கட்ட வேண்டும். ஊர் இரண்டாகப் பிரிந்தது. "நட்டத்தில் ஓடும் மருத்துவமனைக்கு இன்னும் பணமா?" என்று கேட்ட துண்டறிக்கை எங்கள் வீட்டுக்கும் வந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் தேடிப் போனேன்.

பொது அமைப்புகளின் வழக்கமான கூட்டங்களுக்கான நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்பது இங்கே சட்டம். யாரும் போகலாம், பேசலாம். மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில் நடந்த முதல் கூட்டத்தில் பொதுமக்கள் என்று நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். தணிக்கை அறிக்கை கேட்டேன், மறுப்பில்லாமல் கொடுத்தார்கள். அறுபது பக்கம். அப்பா விருதுநகரில் பருப்பு மண்டியில் கணக்கெழுதியவர். பேரேட்டை எங்கே தொடங்கிப் படிக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின.

துண்டறிக்கையில் இருந்த நட்டத் தொகை பொய்யில்லை. ஆனால் அது இயக்க வரவுசெலவுக் கணக்கின் இறுதித் தொகை. மருத்துவ மாவட்டத்துக்கு ஆண்டுதோறும் வரும் சொத்து வரி வருவாயை அந்தத் தொகைக்குக் கீழே தனியாகக் காட்டுகிறார்கள். அதைச் சேர்த்தால் நட்டம் பாதிக்கும் கீழே குறைந்தது. அதிலும் ஒரு பகுதி கட்டடம், கருவிகளின் தேய்மானம். கையை விட்டுப் போன காசு அன்று.

நிம்மதியோடு மூடிவைக்கும் கணக்காகவும் அது இல்லை. வேறெந்தப் பணமும் வராவிட்டால் கையில் இருப்பதை வைத்து எத்தனை நாள் மருத்துவமனையை நடத்தலாம் என்று ஒரு கணக்கு உண்டு. முந்தைய ஆண்டில் 61 நாளாக இருந்தது 38 ஆகக் குறைந்திருந்தது. நிரந்தரச் செவிலியர்கள் கிடைக்காமல் ஒப்பந்தச் செவிலியர்களுக்குக் கொட்டிய பணம்தான் முக்கியக் காரணம்.

வருவாய்ப் பக்கம் எங்களைப் போன்ற ஊர்களின் கதை. 25 படுக்கைக்கு மேல் இல்லாத, மற்ற மருத்துவமனைகளிலிருந்து தொலைவில் இருக்கும் மருத்துவமனைகளுக்கு 1997 முதல் 'கிரிட்டிகல் ஆக்சஸ்' என்ற அங்கீகாரம் உண்டு. முதியோரின் மெடிகேர் காப்பீடு அவற்றுக்கு, தான் ஏற்கும் செலவில் 101 விழுக்காடு தர வேண்டும். 2013இல் வந்த 2 விழுக்காட்டு வெட்டுக்குப் பிறகு கைக்கு வருவது செலவை விடக் குறைவு. ஏழைகளுக்கான மெடிகால் தருவதும் போதுவதில்லை. நோயாளி வராத இரவிலும் அவசரப் பிரிவில் மருத்துவர் இருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்புக்குக் காசு தருபவர் யாருமில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன்: "கடன் பத்திரப் பணம் வந்தால் இந்த 38 நாள் 60 ஆகுமா?" நிதி அலுவலர் நேராகவே சொன்னார்: "ஆகாது."

அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது; நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்துக்கு மட்டுமே செலவிட மாநில அரசியல் சட்டம் அனுமதிக்கிறது. கட்டடம் எதற்கு என்றால், 1994இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி, நிலநடுக்கம் முடிந்த பின்னும் மருத்துவமனை இயங்கும் உறுதியோடு இருக்க வேண்டும். அதற்கான பொதுவான கெடு 2030. எங்கள் கட்டடம் அறுபதுகளில் கட்டியது. இரண்டு நோய்கள், இரண்டு மருந்துகள் என்று எனக்கு விளங்கியது. கடன் பத்திரம் ஒன்றுக்குத்தான் மருந்து. இதை எதிர்த்தவர்களும் சொல்லவில்லை, ஆதரித்தவர்களும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

ஆதரிப்பது என்று முடிவெடுத்தேன். 2023 ஜனவரியில் எங்கள் மாநிலத்தின் மதேரா நகரில் இருந்த மருத்துவமனை மூடியதும், திறக்க 2025 மார்ச் வரை ஆனதும் நினைவில் இருந்தது. கதவைச் சாத்துவது ஒரு நாள் வேலை, திறப்பது அப்படியில்லை.

பொதுப் பணத்தில் பிரச்சாரம் செய்வதற்குத் தடை இருப்பதால் மருத்துவமனை தகவல் மட்டுமே தரலாம்; "ஆம் என்று வாக்களியுங்கள்" என்று சொல்லக் கூடாது. அதைச் சொல்ல ஊரார் ஆறு பேர் சேர்ந்தோம். துண்டறிக்கையை எங்கள் காசில் அச்சடித்தோம். வாக்காளர் கையேட்டில் வரும் ஆதரவு வாதத்துக்கு 300 சொல்தான் இடம். 'சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ இந்தப் பணம் போகாது. அந்தச் சிக்கல் தனியே தீர வேண்டும்' என்ற வாசகம் வேண்டாம் என்றார் ஒருவர், வாக்கு குறையுமாம். அதை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். வாசகம் நின்றது.

வீடு வீடாகப் போனபோது ஒன்றைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 39 டாலர் என்பது உத்தேச வரி. மதிப்பு என்றால் இன்றைய சந்தை விலை இல்லை. 1978இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த '13ஆம் முன்மொழிவு' என்ற சட்டப்படி, வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் அதை ஏற்ற முடியாது. எங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 125 டாலர் வந்தது. பக்கத்துத் தெருவில் எண்பது வயதுப் பெண்மணி ஒருவர், ஓய்வூதியத்தில் 400 டாலர் போய்விடுமே என்று கலங்கிப்போயிருந்தார். அவருடைய வரி ரசீதை இருவரும் மேசையில் விரித்துவைத்துப் பார்த்தோம். வீட்டின் பதிவு மதிப்பு 90,000. அவருக்கு 35 டாலர். ரசீதை மடித்துவைத்துவிட்டு, கணவரைக் கடைசியாக அந்த மருத்துவமனையில்தான் பார்த்தேன் என்றார்.

நவம்பரில் வாக்குப்பதிவு முடிந்தும், தபால் வாக்குகளை எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. நூற்றுக்கு 63 பேர் ஆம் என்றார்கள். தோற்றுவிட்டோம். பள்ளிக் கட்டடக் கடனுக்கு 2000ஆம் ஆண்டு முதல் 55 விழுக்காடு போதும். மருத்துவமனைக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிள்ளை படிக்கும் கூரைக்கு ஒரு நியாயம், அதே பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது படுக்கும் கூரைக்கு வேறு நியாயம். இதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

டிசம்பர் கூட்டத்துக்குப் போனேன். செலவைக் குறைத்துத் திருத்திய திட்டத்தோடு அடுத்த தேர்தலில் மீண்டும் கேட்பதா என்பதும், ஒப்பந்தச் செவிலியர் செலவும் நிகழ்ச்சிநிரலில் தனித்தனிப் பொருளாக இருந்தன. நாற்காலிகள் போதாமல் கூடுதலாகக் கொண்டுவந்து போட்டார்கள். எண்பது வயதுப் பெண்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தணிக்கை அறிக்கையைக் கையில் வாங்கினார். அந்த 38 நாள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். பதினான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.