மூக்கொழுகலும் ஊசியும்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4

காலையில் எழுந்து உட்கார்ந்தால் போதும், மூக்கு ஆரம்பித்துவிடும். சளி என்றுகூடச் சொல்ல முடியாது, நிறமே இல்லாத வெறும் தண்ணீர். குனிந்து செருப்பு மாட்டினால் சொட்டுகிறது. சூடாக ஏதாவது குடித்தால் சொட்டுகிறது. ஏசி அறைக்குள் நுழைந்தால் கேட்கவே வேண்டாம். துடைத்துத் துடைத்து மூக்கின் கீழே தோல் உரிந்துவிட்டது, இப்போது கைக்குட்டையைப் பார்த்தாலே எரிகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போன மாதமே எல்லாம் பார்த்தாயிற்று. மூக்குக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்த்தார், சதை வளர்ச்சி எதுவும் இல்லை. தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றும் தடிக்கவில்லை. (அதற்காக ஒரு வாரம் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியும் ஒழுகல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை நாள் எதற்குத்தான் விழுங்கினேனோ.) "ஒரு பக்கம் மட்டும் ஒழுகுதா? தலையில் அடிபட்டதுண்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிந்தாலும் இப்படித் தெளிந்த தண்ணீராக, பெரும்பாலும் ஒரே பக்கமாக வருமாம். எனக்கு இரண்டு பக்கமும்தான். கடைசியில் வாசோமோட்டார் ரைனைட்டிஸ், அதாவது ஒவ்வாமை இல்லாமலே வரும் மூக்கொழுகல் என்று எழுதி, ஐப்ராட்ரோபியம் ஸ்ப்ரே கொடுத்தார். மூக்கின் சுரப்பிகளுக்குப் போகும் நரம்புச் சேதியை அது தடுக்கிறது. வேலை செய்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் உள்ளே வறண்டுபோய்ச் சில நாள் ரத்தக் கோடு தெரிகிறது.

அக்கா போனில், "எதுக்கும் ஒரு தடவை அக்குபங்சர் பார்த்துட்டு வாயேன்டா, ஊசிதானே" என்றாள். ஊசிதானே! குத்திக்கொள்ளப் போவது அவளா என்ன.

மார்ச் 9

போனேன். முறையாகச் சீன மருத்துவம் படித்துப் பதிவு பெற்றவர், நடுத்தர வயது அம்மா. ஊசியை எடுப்பதற்கு முன் கேள்விகளே முக்கால் மணி நேரம் ஓடியது. வருவது தண்ணீரா, கெட்டியா? வெள்ளையா, மஞ்சளா? காலையில் அதிகமா, படுக்கும்போதா? சும்மா இருக்கும்போதே வியர்க்கிறதா? கை கால் சில்லிட்டுப் போகுமா? மாடி ஏறினால் மூச்சு வாங்குமா? தாகம் எடுத்தால் குளிர்ந்த தண்ணீர் தேடுவீர்களா, வெந்நீரா? இத்தனை வருடத்தில் என் மூக்கைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை. பாதிக் கேள்விகளுக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது.

அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னார். வெளிறியிருக்கிறதாம், ஓரத்தில் பல் பதிந்த தடம் இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன், இருக்கிறது. நாடியை இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று இடத்தில், முதலில் லேசாகவும் பிறகு அழுத்தியும் பார்த்தார்.

அவர் கணக்கு இதுதான்: மூக்கு என்பது நுரையீரலின் வாசல். நுரையீரலின் 'சி', அதாவது உயிராற்றல், பலவீனமாக இருந்தால் உடம்பின் வெளிப்புறக் காவல் தளர்ந்துவிடும். குளிரும் காற்றும் சுலபமாக உள்ளே வரும், நீரைக் கட்டுப்படுத்த முடியாது. மண்ணீரலும் சேர்ந்து சோர்ந்திருப்பதால் தண்ணீர் தேங்குகிறது. இங்கே நுரையீரல், மண்ணீரல் என்பதெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியும் உறுப்புகள் இல்லை, ஒரு வேலைப்பிரிவின் பெயர் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளாவிட்டால் முதல் நாளே சண்டை வந்திருக்கும்.

ஊசி. உறையைக் கிழித்து எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது. மயிரிழையைப்போல மூன்று நாலு மடங்குதான் தடிப்பம், கால் மில்லிமீட்டர் இருக்கும். நாசிச் சிறகின் இரண்டு பக்கமும் யிங்சியாங், புருவங்களுக்கு நடுவே யின்டாங், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சதையில் ஹெகு, முழங்காலுக்குக் கீழே ஜூசான்லி. முழங்காலில் வைத்தது தெரியவே இல்லை. கையில் வைத்ததும் ஊசியை மெல்லத் திருகினார். உள்ளே மந்தமாக ஒரு கனம் பரவி, விரல்வரை இழுத்தது. அப்படி வந்தால்தான் சரியாம். மூக்கோரம் வைத்ததுதான் கொடுமை: சுரீர் என்று குத்தியதும் கண்ணில் தண்ணீர் முட்டியது, அடக்க முடியாமல் தும்மல் வந்தது. முகத்தில் ஊசியோடு தும்மக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து எழுந்தபோது மூக்கு நன்றாகத் திறந்திருந்தது. இரவு பழையபடி.

மார்ச் 13

இரண்டாவது முறை. தும்மல் வரவில்லை. ஊசியோடு தூங்கிவிட்டேன்.

மார்ச் 22

இன்று மருந்துப் பேச்சு. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் ஊசியைவிடக் கவனம் தேவைப்படுவது இங்கேதான்.

முதலில் கொடுத்தது யூ பிங் ஃபெங் சான் என்ற பொடி. மூன்றே சரக்கு: ஹுவாங் சி, பாய் ஜு, ஃபாங் ஃபெங். மூன்றும் வேர்களும் கிழங்குமாகத்தான். அடிக்கடி சளி பிடிப்பவர்களுக்கும் மூக்கொழுகல்காரர்களுக்கும் வழக்கமாகக் கொடுப்பது. லேசான இனிப்பு, மண் வாசனை. குடிக்கலாம்.

காலை ஒழுகல் அப்படியே இருக்கிறது என்றதும், சியாவோ சிங் லுங் டாங் என்ற கஷாயத்தைப் பற்றிச் சொன்னார். ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் ஏறக்குறைய 1800 வருடங்களுக்கு முன் எழுதி வைத்த கூட்டு, தண்ணீராகக் கொட்டும் மூக்குக்கு இன்றும் கொடுக்கிறார்கள். எட்டுச் சரக்கு. "என்னென்ன டாக்டர்?" என்று கேட்டேன். பட்டியலின் முதல் பெயர் மா ஹுவாங், அதாவது எபெட்ரா செடி. அதில் இருப்பது எபெட்ரின். மூக்கை உலர்த்தும், கூடவே ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், நெஞ்சும் படபடக்கும். எபெட்ரா கலந்த துணை உணவுகளை அமெரிக்கா 2004இல் தடை செய்தது இதனால்தான். நான் பிபி மாத்திரை சாப்பிடுகிறவன். அதே கூட்டில் அதிமதுரமும் இருக்கிறது, அதுவும் அளவு மீறி நாள்பட எடுத்தால் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே என் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேண்டாம், பிபி இருக்கு" என்று பேச்சை முடித்தார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

ஷி சின் என்ற வேரும் அந்த எட்டில் ஒன்று. ஆடுதீண்டாப்பாளை குடும்பம். அந்தக் குடும்பச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாகப் பெயரில் ஒத்துப்போன வேறொன்று கலந்துவிட்டிருந்தது. மூக்குக்கென்றே கொடுக்கும் சாங் அர் ஜீயும் அப்படித்தான்: வறுத்துப் பதப்படுத்தாமல், அளவு தெரியாமல் சாப்பிட்டால் கல்லீரலைப் பிடிக்கும். ஆகவே, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பெட்டியில் இணையத்தில் விற்கும் 'மூக்கு மாத்திரை'களை நான் தொடுவதாக இல்லை. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே வருகிறது. எதையும் செய்யாது என்றால் எதற்குச் சாப்பிட வேண்டும்?

ஏப்ரல் 2

பலன் உண்மையா, மனப்பிரமையா? ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஜெர்மனியில் மகரந்த ஒவ்வாமை உள்ள 422 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு நிஜ அக்குபங்சர், இன்னொன்றுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தும் போலி அக்குபங்சர், மூன்றாவதுக்கு வெறும் செட்டிரிசின். ஊசிப் பிரிவினரும் தேவைப்பட்டால் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். எட்டு வாரத்தில் 12 முறை ஊசி. முடிவில் நிஜ ஊசிக்காரர்கள் போலி ஊசிக்காரர்களைவிடச் சற்று மேல், ஆனால் அந்த வித்தியாசம் சின்னது. 16ஆம் வாரத்தில் அதுவும் காணாமல் போயிற்று.

இதில் எனக்குச் சிக்கல் என்னவென்றால், அவர்களுக்கெல்லாம் ஒவ்வாமை, எனக்கு இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2015 வழிகாட்டியும், மருந்தில்லாத வழி கேட்கும் ஒவ்வாமைக்காரர்களுக்கு அக்குபங்சரைச் சொல்லலாம் என்று அனுமதித்ததோடு நிறுத்திக்கொண்டது. மூலிகையைப் பற்றிப் பரிந்துரையே செய்யவில்லை. என் மாதிரி மூக்கு அந்தத் தாள்களில் இல்லை. சரி, என் மூக்கை நானே கவனிக்க வேண்டியதுதான். காலண்டரில் தினமும் காலை ஒழுகலுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போட ஆரம்பித்திருக்கிறேன்.

ஏப்ரல் 11

வீட்டில் எல்லோருக்கும் ஜலதோஷம், எனக்கும். மூக்கு மூடாத குழாய். அடைப்புக்குப் போடும் சொட்டு மருந்தை எடுத்தேன். நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை வரவழைக்கும் என்பதால் பாட்டிலில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். ஊசிக்குப் போகவில்லை. மதிப்பெண் பத்து. இந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஏப்ரல் 18

மூக்கோரத்தில் ஊசி எடுத்த இடத்தில் மிளகளவு நீலம் கட்டிவிட்டது. முகத்தில் இரத்தக்குழாய் அதிகம், அவ்வப்போது இப்படி ஆகுமாம். அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். மூன்றாவது ஆளுக்குப் பிறகு கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன், அதுதான் சுருக்கம்.

காலை ஒழுகல் ஆறிலிருந்து நாலுக்கு இறங்கியிருக்கிறது. ஸ்ப்ரே காலையில் மட்டும்தான். மதிய வேளை அடிப்பதை நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. ரத்தக் கோடும் இல்லை. குனிந்தால் சொட்டுவது மட்டும் அப்படியே.

ஏப்ரல் 29

மூக்கு மருத்துவரிடம் போய்ப் பொடியின் பெயர் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சரக்குப் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டார், பிபி பார்த்தார், ரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். "ஸ்ப்ரே குறைஞ்சிருக்கில்ல, அப்புறம் என்ன" என்றார்.

மாலை ஊசிக்குப் போனபோது, ஊசி, பொடி இரண்டில் எது வேலை செய்கிறது என்று தெரிய ஒரு மாதம் பொடியை நிறுத்திப் பார்க்கட்டுமா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "ஊசியை நிறுத்திட்டுப் பொடியைச் சாப்பிட்டாலும்தான் தெரியும்" என்றார் சிரிக்காமல். நியாயம்தான். கொஞ்சம் யோசித்தேன். பொடி ரொம்பச் சுலபம், ஊசிக்கு அரை நாள் போகிறது. ஆனால் அந்த அரை மணி நேரத் தூக்கத்தை விட மனசில்லை. பொடியை நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். மதிப்பெண் போடுவது தொடரும்.